பலகாரத்தில் ஒளிந்த சொல்

“பலகாரத்தில் பல போனால் நாக்கு எரியும்.” விடை மூன்று எழுத்து.

குறுக்கெழுத்துப் புதிரில் இப்படி ஒரு குறிப்பைக் கண்டவர் மனம், பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் அடுக்கியிருக்கும் முறுக்கையும் அதிரசத்தையும் நினைக்கத் தொடங்கும். குறிப்பை எழுதியவர் விரும்புவதும் அதுதான். ‘பல’ என்பது இங்கு எண்ணிக்கையைக் குறிக்கவில்லை. அது வெறும் இரண்டு எழுத்து. ‘பலகாரம்’ என்னும் சொல்லிலிருந்து அதை நீக்கினால் எஞ்சுவது ‘காரம்’. வேற்றுமை உருபு ஏறி ‘பலகாரத்தில்’ என்று ஆனதால், ஈற்றிலுள்ள ‘ம்’ மறைந்துபோகிறது. உருபைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவருக்கே விடை கிடைக்கும். இலக்கணப் பாடம் இவ்வளவு சுவையாகப் பயன்படும் இடம் வேறு உண்டா என்பது ஐயமே!

கட்டங்களில் சொற்களை நிரப்பும் இவ்விளையாட்டை ஆர்தர் வின் என்பவர் உருவாக்கினார். அது 1913 டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வெளிவந்தது. ஆனால், ஒரு சொல்லில் இரு பொருளை ஒளித்துவைக்கும் கலை தமிழுக்குப் பழையது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவர், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருங்கே பொருந்துமாறு ஒரே பாடலைப் பாடினார். இதனைச் சிலேடை என்றும் இரட்டுற மொழிதல் என்றும் கூறுவர். ‘திங்கள்’ என்றதும் வாரத்தின் ஒரு நாள் மட்டுமே நினைவுக்கு வருமானால், “வானத்தில் உலவும் மாதம்” என்ற குறிப்பு புதிராகவே நின்றுவிடும். நிலவு, மாதம் ஆகிய பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு.

மலேசிய மாணவர்களுக்கு இதில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. “தமிழர் வாசலில் மாவு, மலாய்க்காரர் பேச்சில் நீர்” என்ற குறிப்புக்கு விடை ‘கோலம்’. நீச்சல் குளத்தை மலாய்மொழியில் ‘கோலம் ரெனாங்’ என்பர். நமது ‘குளம்’தான் அங்கே சென்று ‘கோலம்’ ஆயிற்று. வாசலில் இடும் கோலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிள்ளான் கடைத்தெருப் பெயர்ப்பலகைகளில் காணும் ‘கெடாய்’ நம் ‘கடை’யே. வணிகர் போடும் ‘முதல்’ மலாயில் ‘மோடல்’ ஆனது. இருமொழியும் அறிந்தவருக்கு இத்தகைய குறிப்புகள் எளிதில் வசப்படும்.

கட்டங்களை நிரப்பும்போதும் கவனம் தேவை. தமிழில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. மெய்யெழுத்து சொல்லின் முதலில் வாராது. ஆகவே, ‘காரம்’ என்பதன் இறுதிக் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லும் தொடங்க முடியாது. ‘கம்பம்’ போன்ற சொல்லின் நடுவிலோ ஈற்றிலோதான் அந்த ‘ம்’ பொருந்தும். அவ்விடத்தில் ‘மரம்’ என்று எழுதத் தோன்றினால், இரண்டு விடைகளில் ஒன்று தவறு.

இனி, மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: “முன்பாதி உடைந்த கப்பலில் கடிப்பதற்கு ஒன்று மிஞ்சியது.” விடை இரண்டு எழுத்து.