நடந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 68. தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லையே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நடையை விட்டுவிடாதீர்கள் அம்மா; இதயத்துக்கு நல்லது. ஆனால் வயது ஏற ஏறத் தசை கரையும். அதைத் தடுக்க நடை மட்டும் போதாது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சியும் செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டியபடி மெல்ல எழுந்து உட்காருங்கள். 5 முறையில் தொடங்கி 10 ஆக்குங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் 10 விநாடி நில்லுங்கள், தடுமாற்றம் குறையும். இரவு இரண்டு இட்லியோடு நிறுத்தாமல் சுண்டல், முட்டை, தயிர் ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்; தசைக்குப் புரதம் வேண்டும். மூட்டுவலி, தலைசுற்றல், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். எந்த வயதிலும் தசை வலுப்பெறும்.