இரவுண்ணாமையும் பல் நலமும்



வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து கல்வியும் பணியும் கருதிச் சென்னைக்கு வந்த நம் சமணக் குடும்பங்களில் பல, ஆதம்பாக்கம் தொடங்கித் தாம்பரம், சேலையூர் வரையுள்ள தென்புறநகர்ப் பகுதிகளில் இல்லம் அமைத்து வாழ்கின்றன. இவ்வில்லங்களில் ஒரு வினா அடிக்கடி எழக் காண்கிறோம். குழந்தையைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்ற தாய், "இரவு படுக்குமுன் பற்பசையிட்டுப் பல் துலக்க வேண்டும்" என்ற அறிவுரையோடு திரும்புகிறார். வீட்டிலுள்ள பாட்டியாரோ, "பொழுது சாய்ந்தபின் வாயில் நீரும் படாமல் வாழ்ந்த குடும்பம் நம்முடையது, இதென்ன புது வழக்கம்?" என்கிறார். அருகிலிருக்கும் இளைஞர், "நம் முனிவர்கள் பல் துலக்குவதே இல்லையே" என்று தம் பங்குக்கு ஒன்றைச் சொல்லி வைக்கிறார். மூவர் சொல்லையும் கேட்ட குழந்தை, எதையும் செய்யாமல் உறங்கிவிடுகிறது.

தாயும் பாட்டியும் குழந்தையின் நன்மையையே நாடுகின்றனர். இருவர் கூற்றும் உண்மையிலேயே முரண்படுகின்றனவா என்பதைப் பல் நலம் பற்றிய ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

முனிவர் நெறியும் இல்லறத்தார் நெறியும்

முதலில் இளைஞரின் ஐயத்தைத் தீர்ப்போம். திகம்பர முனிவர்க்குரிய மூலகுணங்கள் இருபத்தெட்டு. மகாவிரதம் ஐந்து, சமிதி ஐந்து, புலனடக்கம் ஐந்து, ஆவசியகம் ஆறு ஆகிய இருபத்தொன்று நீங்க எஞ்சிய ஏழனுள் ஒன்று அதந்ததாவனம், அதாவது பல் துலக்காமை. உடலை அழகு செய்யும் பற்றினை அறவே விடுத்தவர்க்கு அது உரியது. அதே ஏழனுள் ஏகபுக்தம் என்பதும் உண்டு. முனிவர் நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கையே கலமாக உண்பவர். அவர்க்குக் காலைச் சிற்றுண்டி இல்லை. மாலைத் தேநீர் இல்லை. இடையிடையே கொறிக்கும் இனிப்பும் இல்லை.

நாளுக்கு ஆறுமுறை உண்ணும் நாம், முனிவரின் இருபத்தெட்டு குணங்களுள் எளிதான ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மேற்கோள் காட்டுதல் முறையாகாது. இல்லறத்தார்க்குரிய ஒழுக்கத்தை அருங்கலச்செப்பு தனியே வகுத்துரைக்கிறது. தூய்மை செய்துகொண்டு ஜினாலயம் செல்வதே நம் வழக்கம். காலையில் கோல்கொண்டு பல் துலக்குதலை ஆசாரக்கோவையும் நாட்கடமையாகக் கூறுகிறது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி எனக் கூறும் பழமொழி, அதே மூச்சில் நாலடியாரையும் குறளையும் சொல்லுக்கு உறுதியாகக் காட்டுவதை நாம் அனைவரும் அறிவோம்.

பற்சொத்தை தோன்றும் விதம்

பல்லில் புழு அரிப்பதால் சொத்தை உண்டாகிறது என்று முன்னோர் கருதினர். புழு இல்லை, ஆனால் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் உண்டு. பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து வாழும் இவை, நாம் உண்ணும் சர்க்கரையைத் தாமும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையாகிய எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. 1924ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த கிளார்க் என்னும் அறிஞர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்த 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' இந்நுண்ணுயிர்களுள் முதன்மையான ஒன்று.

1940களில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தபின் பல்லின்மேல் நிகழும் மாற்றத்தை அளந்து பார்த்தார். சில நிமிடங்களுக்குள் அமிலம் மிகுந்து, எனாமல் கரையத்தக்க நிலையை எட்டியது. பின்னர் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆயிற்று. அமிலம் தணிந்தபின், உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் கரைந்த இடத்தை ஓரளவு மீண்டும் நிரப்புகின்றன.

ஆகவே பல்லில் நாள்தோறும் இழப்பும் ஈட்டமும் மாறிமாறி நிகழ்கின்றன. உணவுக்கும் உணவுக்கும் இடையே போதிய இடைவெளி இருப்பின் ஈட்டம் மிகும். அரைமணிக்கு ஒருமுறை பிஸ்கட்டோ, மிட்டாயோ, இனிப்பிட்ட தேநீரோ உட்கொண்டால், உமிழ்நீருக்குத் தன் பணியை முடிக்க நேரமே கிடையாது.

சுவீடன் நாட்டு ஆய்வு

இவ்வுண்மையை மனிதரிடம் நேரடியாகக் காட்டியது சுவீடன் நாட்டின் லுண்ட் நகரை அடுத்த விப்பேஹோல்ம் மருத்துவமனையில் 1945இல் தொடங்கிய ஆய்வாகும். அங்குத் தங்கியிருந்த மனவளர்ச்சி குன்றியோர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். சிலர்க்கு உணவோடு சர்க்கரை தரப்பட்டது. சிலர்க்கு உணவுவேளைகளுக்கு இடையே ஒட்டும் தன்மையுள்ள டாஃபி மிட்டாய் தரப்பட்டது. 1954இல் வெளியான முடிவு, உணவோடு மட்டும் சர்க்கரை உண்டவர்க்குச் சொத்தை சிறிதே மிகுந்ததையும், இடைவேளைகளில் ஒட்டும் இனிப்பை உண்டவர்க்கு அது பெரிதும் பெருகியதையும் காட்டிற்று. உண்ணும் சர்க்கரையின் அளவோடு, எத்தனை முறை உண்கிறோம் என்பதும், எவ்வளவு நேரம் அது பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதும் சொத்தையைத் தீர்மானிக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

இவ்வறிவு பெறப்பட்ட வழியை நாம் மறந்துவிடலாகாது. தம் இசைவைத் தெரிவிக்க இயலாத அந்த எளியோரின் பற்கள், ஆய்வின் பொருட்டுச் சொத்தையடைய விடப்பட்டன. பிற்காலத்தில் இச்செயல் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அகிம்சையைப் பரம தருமமாகக் கொண்ட நாம் இதனை ஏற்க இயலாது. பிறர் துன்பத்தால் கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமல் வீணாக்குதல் அத்துன்பத்தைக் குறைக்காது என்பதும் உண்மை. சுவீடன் நாட்டில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தரும் வழக்கம் பரவியதற்கு இவ்வாய்வே பின்புலம். நுகர்பொருளுக்கு நாளும் அளவும் வரையறுத்தல் போகோபபோக பரிமாணம் அறிந்த நமக்குப் புதியதன்று.

கிண்டியில் நிகழ்ந்த ஆய்வு

பல் நலத்தைத் தீர்மானிக்கும் மற்றொரு பொருள் நீர். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர்வண்டியில் நாள்தோறும் கடக்கும் கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு ஆய்வு நிலையம் உள்ளது. அந்நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட், சி.ஜி.பண்டிட், டி.என்.எஸ்.ராகவாச்சாரி ஆகியோர், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டச் சிற்றூர்களில் மக்களின் பற்கள் கறைபடிந்தும், எலும்பும் முதுகுத்தண்டும் இறுகியும் இருந்ததை ஆராய்ந்து, கிணற்று நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடே அதற்குக் காரணம் என 1937இல் வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோய் பற்றி எழுந்த முதல் ஆய்வுகளுள் இது ஒன்று. பண்டிட் அவர்கள் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநராக விளங்கினார். தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளின் நிலத்தடி நீரில் இச்சிக்கல் இன்றும் உண்டு.

அதே ஃபுளோரைடு சிறிதளவில் பல்லுக்குக் காவலாகும். எனாமலில் இழந்த தாதுக்கள் மீண்டும் படிய அது துணைசெய்கிறது. மிகின் நோய், அளவின் மருந்து என்பதே இதன் இயல்பு. இந்தியத் தர நிறுவனத்தின் விதிப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை ஒப்பலாம்.

புறநகரில் ஆழ்துளைக் கிணற்று நீர், லாரி நீர், கேன் நீர் எனப் பலவகை நீர் புழங்குகிறது. ஆர்.ஓ. கருவி பிற உப்புகளோடு ஃபுளோரைடையும் பெரும்பகுதி நீக்கிவிடும். அந்நீரைப் பருகும் இல்லங்களில் ஃபுளோரைடு கலந்த பற்பசை மேலும் பயன் தரும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். விலங்குப் பொருள் கலவாத, பச்சைப் புள்ளியிட்ட பற்பசைகள் கடைகளில் கிடைக்கின்றன; வாங்குமுன் உறையைப் படித்துப் பார்த்தல் நன்று.

பிற காரணங்கள்

இந்தியப் பல் மருத்துவக் கழகம் 2002–03இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வில், பன்னிரண்டு வயதுச் சிறார்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேருக்குச் சொத்தை இருந்தது. பதினைந்து வயதில் அது 63 ஆயிற்று. முப்பத்தைந்து முதல் நாற்பத்து நான்கு வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேருக்கு ஏதேனும் ஓர் ஈறு நோய் காணப்பட்டது.

ஈறு நோய்க்கும் நீரிழிவுக்கும் இருவழித் தொடர்பு உண்டு. நீரிழிவு மிகின் ஈறு கெடும். ஈறு கெடின் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல் கடினமாகும். ஆகவே நீரிழிவுடைய பெரியோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் மருத்துவரைக் காணுதல் வேண்டும். புகையிலை எவ்வடிவிலும் தீது. பாக்கு மட்டுமே மென்றாலும் வாய்ப்புற்று உண்டாகும் என்பதை உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் உறுதி செய்துள்ளது. ஊர்ப்புறத்தில் வழங்கிய செங்கற்பொடி, சாம்பல், உமிக்கரி ஆகியவை பல்லை வெண்மையாக்குவது போலத் தோன்றினும் எனாமலைத் தேய்த்துவிடும்.

நோன்பும் தூய்மையும் இணையும் இடம்

இனித் தாயும் பாட்டியும் கூறியவற்றுக்கு வருவோம். இரவில் உமிழ்நீர் சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. அந்நேரத்தில் பல்லிடுக்கில் உணவு தங்கியிருந்தால் அமிலத்தைத் தணிக்க ஆளில்லை. இதனாலேயே மருத்துவர் இரவுத் தூய்மையை வற்புறுத்துகிறார். கடைசி உணவுக்குப் பின் பல் தூய்மையாக வேண்டும், அதன்பின் எதுவும் உண்ணலாகாது என்பன அவர் சொல்லின் இரு கூறுகள்.

இரண்டாவது கூறு நம் நோன்பிலேயே அடங்கியுள்ளது. உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்னும் நால்வகை உணவையும் இரவில் துறத்தலே இரவுண்ணாமை. நம்மிடம் இல்லாதது முதற்கூறு மட்டுமே. கதிரவன் மறையுமுன் உண்டு முடித்து, மறையுமுன்னரே பல்லையும் துலக்கிவிட்டால், மருத்துவர் வேண்டியதும் நிறைவேறும். பாட்டியார் வேண்டியதும் நிறைவேறும். மறுநாள் காலை வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பல்லுக்கு ஓய்வு கிடைக்கும். வாய் கொப்பளித்து உமிழ்தல் பருகுதல் ஆகாது என்போரும், அதனையும் தவிர்ப்போரும் நம்முள் உளர். பொழுதோடு துலக்கிவிடுவோர்க்கு அவ்வழக்கே எழாது.

துலக்காமலே நோன்பு நோற்றால், பல்லில் தங்கிய உணவு இரவு முழுதும் நுண்ணுயிர்க்கு இரையாகிறது. எச்சில் கலத்தைக் கழுவாது நெடுநேரம் போட்டு வைத்தால் அதில் உயிர்கள் பெருகும், பின் அவற்றை அழிக்கும் வினை நேரும் என்று நாம் அஞ்சுகிறோம். வாயும் ஒரு கலமே. உடனே தூய்மை செய்தல் ஜீவதயைக்கும் பொருந்துவதாகும்.

சென்னையில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.40க்கும் 6.40க்கும் இடையே அமைகிறது. அந்நேரத்தில் நம்முள் பலர் மின்தொடர்வண்டியில் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. வீடு சேர்ந்து இரவு ஒன்பது மணிக்கு உண்டு, அப்படியே படுப்போர் பலர். நோன்பு இயலாதவர் தூய்மையையும் விடுதல் இரட்டை இழப்பு. அவர்கள் உண்டபின் கட்டாயம் துலக்க வேண்டும். விடுமுறை நாள்களிலும் அஷ்டமி, சதுர்த்தசியிலுமேனும் பொழுதோடு உண்ணப் பழகலாம்.

இல்லத்தில் கடைப்பிடிக்கத்தக்கவை

1. பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தைக்கு இனிப்புப் பிஸ்கட்டுக்கு மாறாகச் சுண்டல், வேர்க்கடலை, பழம் தரலாம். இனிப்பு தருவதாயின் உணவோடு தருக.

2. மாலை உணவைக் கதிரவன் மறைவதற்கு அரைமணி முன்னர் முடித்து, இடைவெளி விட்டு, மென்மையான பிரஷ் கொண்டு இரண்டு நிமிடம் துலக்குக. புளிப்புள்ளவற்றை உண்டவுடன் துலக்கினால் எனாமல் தேயும்.

3. சிறு குழந்தை இரவில் பசித்து அழுதால் பால் தருவதில் குற்றமில்லை. பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்க விடலாகாது; பருகியபின் ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிடுக.

4. உபவாசம் ஏற்போர் தாரணை நாள் மாலையில் பல்லும் நாக்கும் நன்கு தூய்மை செய்க. பாரணை முடிந்தபின்னும் அவ்வாறே செய்க. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே உபவாசம் ஏற்றல் வேண்டும்.

5. வேப்பங்குச்சியோ வேலங்குச்சியோ விரும்புவோர், பச்சை மரத்தை நாள்தோறும் ஒடிக்காது, கடையில் கிடைக்கும் உலர்ந்த பற்பொடியை நாடலாம். அது நயமாக அரைத்ததாக இருக்க வேண்டும். ஃபுளோரைடு பற்பசையை அதனால் கைவிட வேண்டுவதில்லை.

பாட்டியார் தம் நோன்பைப் பேரக்குழந்தைக்குக் கற்பிக்கட்டும். தாய் பிரஷ்ஷைக் கையில் கொடுக்கட்டும். மாலை விளக்கேற்றுமுன் இரண்டும் முடிந்துவிட்டால், அக்குழந்தைக்கு நோன்பும் பல்லும் ஒருங்கே நிலைக்கும்.

அறம் வளர்க!