வால்மீனைக் கண்ட மாணவர்

சென்னையில் 1927ஆம் ஆண்டு பிறந்த வைணு பாப்பு, ஐதராபாத்தில் வளர்ந்தார். தந்தை அங்குள்ள நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியதால், இளமையிலேயே வானை உற்றுநோக்கப் பழகினார்.

1949 ஜூலை 2 அன்று, ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவராக இருந்த அவர் இரவு வானைப் படம் எடுத்தார். அப்படத்தட்டில் புதிய வால்மீன் ஒன்று பதிந்திருந்தது. பார்ட் போக், நியூகிர்க் ஆகிய இருவரும் அதனை உறுதிசெய்ய உதவினர். மூவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது.

தாயகம் திரும்பிய பாப்பு, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாய்வகம் அமைத்தார். அங்கு 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவ முயன்றார். அது நிறைவுறுமுன் 1982இல் மறைந்தார். 1986 முதல் அத்தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே வானம் ஏர்பேட்டிலும் விரிந்துள்ளது. மாணவர் நிலவிலிருந்து தொடங்கலாம். கேமராவை முக்காலியில் அசையாது பொருத்துதல் வேண்டும். புவி சுழல்வதால், நெடுநேரம் ஒளியைப் பதிவுசெய்தால் விண்மீன்கள் கோடுகளாக நீளும். கதிரவனை மட்டும் உரிய வடிகட்டியின்றி நோக்குதல் கூடாது, கண்பார்வை பறிபோகும்.

சொற்பொருள்
உற்றுநோக்குதல் – கூர்ந்து பார்த்தல்
தாயகம் – பிறந்த நாடு

வினாக்கள்
1. வால்மீனுக்கு மூவர் பெயர் சூட்டப்பட்டது ஏன்?
2. படத்தில் விண்மீன்கள் கோடுகளாக நீள்வது எதனால்?