பழைய மிஷினில் என்ன இருக்கிறது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள் அறுபது வருஷப் பழைய சிங்கர் போர்ட்டபிள் தையல் மிஷினை ஆசையாக வாங்கியிருக்கிறாள். புதுசே மலிவாகக் கிடைக்கும்போது இது எதற்கு?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அநேகமாக அது 'ஃபெதர்வெயிட் 221' ஆக இருக்கும். 1933-இல் வந்த மாடல். அலுமினிய உடம்பு, எடை சுமார் 5 கிலோதான். இடப்பக்கத் தட்டை மேலே மடித்து, பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். அங்கே ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்கள் வகுப்புகளுக்கு இதைத்தான் விரும்பி எடுத்துப்போகிறார்கள். நேர்த்தையல் மட்டுமே வரும், ஜிக்ஜாக் கிடையாது. ஆனால் அந்த ஒரு தையலை இத்தனை ஒழுங்காகப் போடும் புது மிஷின்கள் குறைவு என்பேன். பல்சக்கரங்கள் உலோகம். எண்ணெயும் கிரீஸும் போட்டால் ஓடும். ஊசியும் கடையில் கிடைக்கும் சாதாரண ஊசிதான். அடியில் இருக்கும் வரிசை எண்ணை வைத்து எந்த வருஷத்து மிஷின் என்று கண்டுபிடிக்கலாம். சேகரிப்பவர்களுக்கு அது தனிப் போதை!

மகள் அதை இங்கே கொண்டுவந்தால் மட்டும் கவனம். அமெரிக்க மிஷின் 110 வோல்ட்டுக்கானது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் வீட்டு பிளக்கில் செருகினால் மோட்டார் புகைந்துவிடும்.