தேனும் முட்டையும் இன்றி ஓர் இத்தாலியப் பலகாரம்

கிறிஸ்து பிறந்த நாளில் அண்டை வீட்டாருக்குப் பலகாரத் தட்டு அனுப்புவது நம் கிறிஸ்தவ இல்லங்களின் நல்வழக்கமாகும். பெறுவோர் சமணராயின், அத்தட்டிலுள்ளவற்றுட் பல அவருக்கு ஆகா. மரியாதை கருதி வாங்கிக்கொள்வர், உண்ணார். இக்குறை தீரும் வழியொன்றை ஈண்டு ஆராய்வோம்.

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதி ஆற்றையடுத்துள்ள திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி எனப் பெயர் பெற்றது. அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்துச் சங்கீத மண்டபத்தை 1387-88இல் கட்டுவித்தவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். அதன் விதானத்தில் ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் சரிதங்கள் வண்ணத்தில் தீட்டப்பெற்றுள்ளன. நேமிநாதர், தம் மணவிருந்தின் பொருட்டு அடைபட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு, மணத்தையே துறந்தவர். விருந்தின் பொருட்டும் உயிர்க்கொலை கூடாதென்னும் இந்நெறியில் நிற்போருக்கு முட்டை ஆகாதென்பது யாவரும் அறிந்ததே. தேனும் ஆகாதென்பதைப் பலர் அறியார். தேனடையைப் பிழியுங்கால் சிற்றுயிர்கள் மடிதலே அதற்குக் காரணம்.

இனி, இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரத்தார் கிறிஸ்துமஸ் காலத்திற் செய்யும் ஸ்ட்ரூபோலி என்னும் பணியாரத்தைக் காண்போம். முட்டையிட்டுப் பிசைந்த கோதுமை மாவைச் சிறு உருண்டைகளாகப் பொரித்துத் தேனில் புரட்டி, வளையமாகக் குவித்து வைப்பர். விலக்கப்பட்ட இரண்டுமே இதன் உயிர்நாடி! எனினும் அவை செய்யும் தொழிலை அறிந்தால் மாற்றுப்பொருள் காண்பது அரிதன்று. முட்டை மாவைப் பிணைத்து மென்மை தருகிறது. அதனைப் பாலும் நெய்யும் ஒருவாறு நிறைவேற்றும். தேனின் தொழிலே கடினமானது. அது ஒட்டும், ஆயினும் எளிதில் இறுகாது. வெல்லப்பாகோ ஆறியதும் கற்கண்டுபோற் பூத்துவிடும். எலுமிச்சைச் சாறு சில துளி சேர்த்துக் காய்ச்சினால், புளிப்பினால் வெல்லத்தின் இனிப்பு ஓரளவு பிரிந்து, தேனிலுள்ளவை போன்ற இருவகைச் சர்க்கரைகளாக மாறும். பாகு பூப்பது குறையும்.

மைதா 250 கிராம், நெய் 40 கிராம், சர்க்கரை 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, துருவிய எலுமிச்சைத் தோல் சிறிது ஆகியவற்றைக் கலந்து, வெதுவெதுப்பான பால் சுமார் 100 மில்லி சிறிது சிறிதாக விட்டுப் பிசைக. தோலின் வெண்பகுதி கசக்குமாதலின் மேற்புறத்தை மட்டும் துருவுக. மாவை அரைமணி நேரம் மூடி வைத்தால் இழுவை தளரும். பின் விரற்கனத் திரிகளாக உருட்டி, சுண்டைக்காயளவு நறுக்கி, மிதமான சூட்டில் ஒவ்வொரு பிடியாகப் பொன்னிறமாகப் பொரிக்க. எண்ணெய் மிகக் காய்ந்திருப்பின் மேல் கருகும், உள் வேகாது. முட்டைப் பலகாரம் பொரித்த எண்ணெயை இதற்குப் பயன்படுத்துதல் கூடவே கூடாது; அவ்வாறு செய்து அனுப்புவது அயலாரை ஏமாற்றுவதாகும்.

வெல்லம் 150 கிராமைச் சிறிது நீரிற் கரைத்து வடிகட்டி, எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சுக. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் இளக்கமாகத் திரளவேண்டும். நம் பொரிவிளங்காய்க்குரிய முற்றிய பதம் இதற்கு வேண்டா, பல் நோகும். உடனே உருண்டைகளைப் போட்டுப் புரட்டி, நெய் தடவிய தட்டில் வளையமாக அடுக்குக.

தேனில்லாததும் ஸ்ட்ரூபோலியோ என நேப்பிள்ஸ் பாட்டிமார் சினக்கக்கூடும். பெயர் பற்றி நாம் வழக்காடோம்; வேண்டுமாயின் வெல்லச்சுண்டை என்று அழைப்போம். நெறி வழுவாச் சமணர் இரவில் உண்ணாராதலின், தட்டு பிற்பகலிலேயே சென்று சேர்தல் நலம்.