கடைவாசல் பனியும் பொப்கற் இயந்திரமும்: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விடியற்காலை ஆறு மணிக்கு மரக்கறி லொறி வந்து நிற்கிறது. பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் முழங்காலளவு பனி. லொறி உள்ளே வர முடியாது, வாடிக்கையாளரும் வரமாட்டார். ரொறன்ரோவில் கடை நடத்தும் நம் எல்லோருக்கும் இது பழகிய காட்சி. 1999 தை மாதத்தில் இந்நகரில் சுமார் 118 சென்ரிமீற்றர் பனி கொட்டியபோது, அன்றைய மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தின் உதவியையே கோரினார். ஒப்பந்தகாரரைக் காத்திருந்து சலித்தவர்கள், "நாமே ஓர் இயந்திரம் வாங்கினால் என்ன?" என்று கேட்கிறார்கள். அதையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் பொறுப்பு யாருடையது?

வாடகை உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். பனி அகற்றுவது கட்டட உரிமையாளரின் வேலையா, நமது வேலையா என்பது அதில் இருக்கும். ஒன்ராறியோவின் 'ஒக்குப்பையர்ஸ் லயபிலிட்டி' சட்டப்படி, இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் அங்கு வருவோரின் பாதுகாப்பில் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். 2021 தை 29 முதல், தனியார் நிலத்தில் பனியிலோ பனிக்கட்டியிலோ விழுந்து காயப்பட்டவர் பொதுவாக 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தல் வரும் நாளில் நமக்குக் கைகொடுப்பது குறிப்புப் புத்தகமே. எத்தனை மணிக்குப் பனி அகற்றப்பட்டது, எப்போது உப்புத் தூவப்பட்டது, யார் செய்தார் என்பவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள்.

எவ்வளவு பனி, எவ்வளவு பாரம்?

30 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட தரிப்பிடத்தில் 15 சென்ரிமீற்றர் பனி விழுந்தால், அது 90 கன மீற்றர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீற்றருக்குச் சுமார் 100 கிலோ என்று வைத்தாலும் 9 தொன். ஈரமாகி இறுகினால் அதே கன அளவு 27 தொன் வரை வரலாம். இது மண்வெட்டியால் முடிகிற காரியமல்ல. ஆனால் கடைமுன் நடைபாதையும் நான்கு தரிப்பிடங்களும் மட்டுமே நம் பொறுப்பென்றால், கையால் தள்ளும் சிறிய ஸ்நோ புளோவரே போதும்.

இயந்திரம்

நாம் பொதுவாகப் 'பொப்கற்' என்று அழைப்பது உண்மையில் ஒரு கம்பனியின் பெயர். இயந்திரத்தின் பெயர் ஸ்கிட் ஸ்டியர் லோடர். இடப்பக்கச் சில்லுகளும் வலப்பக்கச் சில்லுகளும் தனித்தனியே ஓடுவதால், நின்ற இடத்திலேயே திரும்பும். நெருக்கமான பிளாசாக்களுக்கு இதுவே வசதி. சில்லா, றப்பர்ப் பட்டியா என்று கேட்டால், தார்த்தளத்தில் பனி அகற்றக் குளிர்கால ரயர் பூட்டிய சில்லு இயந்திரமே பொதுவாக நல்லது. அகலமான றப்பர்ப் பட்டி இறுகிய பனியில் வழுக்கும்.

எண்ணெய் ஓட்டம் பொருந்த வேண்டும்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முன்னால் பூட்டும் ஸ்நோ புளோவரைச் சுழற்றுவது ஹைட்ரோலிக் எண்ணெய். சாதாரண ஓட்டமுள்ள இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 25 கலன் தரும். 'ஹை ஃபுளோ' இயந்திரங்கள் அதற்கு மேல் 40 கலன் வரையும் தரும். நமக்குத் தெரிந்த வர்த்தகர் ஒருவர் பழைய லோடரை ஓரிடத்திலும் புளோவரை வேறிடத்திலும் மலிவாக வாங்கினார். புளோவர் ஹை ஃபுளோ வகை, லோடரோ சாதாரணம். முதற் பனியிலேயே விசிறி மெதுவாகச் சுழன்று, பனி வெளியே பறக்காமல் வாய்க்குழாயை அடைத்தது. மலிவு என்று வாங்கியது அந்தக் குளிர்காலம் முழுவதும் மூலையில் கிடந்தது. மறுபக்கம், சாதாரண புளோவருக்கு அதிக ஓட்டம் கொடுத்தால் மோட்டார் பழுதாகும். இரண்டின் தகட்டிலும் உள்ள எண்களை ஒப்பிடாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னும் நான்கைப் பாருங்கள். புளோவரின் அகலம் சில்லுகளின் வெளி அகலத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் சில்லு ஏறிப் பனியை இறுக்கிவிடும். பூட்டும் தகடு பொருந்த வேண்டும். வாய்க்குழாயைத் திருப்பும் மின்இணைப்பு லோடரின் செருகியோடு சேர வேண்டும். மோட்டாருக்குத் தனி எண்ணெய் வடிகுழாய் தேவையா என்றும் கேளுங்கள்.

பனியை எங்கே போடுவது?

ஒரு மூலையில் குவிக்க இடமிருந்தால், புளோவரை விட அகலமான தள்ளுபெட்டியே வேகமும் மலிவும். பூச்சியத்தை ஒட்டிய நாட்களின் சேற்றுப்பனிக்கும் அதுவே ஏற்றது, புளோவர் அடைத்துக்கொள்ளும். குவிக்க இடமில்லாமல் புல்வெளிக்கோ லொறிக்குள்ளோ எறிய வேண்டியிருந்தால்தான் புளோவர் பயன்படும். வீதியில் எறிவதற்கு அனுமதியில்லை. தீயணைப்புக் குழாயையும் வலுவிழந்தோர் தரிப்பிடத்தையும் மூடிவிடாதீர்கள்.

உயிருக்கு மேல் எதுவுமில்லை

அடைப்பைக் கையால் எடுக்கவே கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, திறப்பை எடுத்து, எல்லாம் நின்ற பின்னர் தடியால் மட்டும் தள்ளுங்கள். நிறுத்திய பின்னும் உள்ளே இறுக்கம் மிச்சமிருந்து விசிறி ஒரு சுற்றுச் சுற்றலாம். பனிக்குள் மறைந்த கல்லில் பட்டால் முறிந்து இயந்திரத்தைக் காக்கும் ஷியர் போல்ற்றுகளை உபரியாக வைத்திருங்கள். பின்னோக்கி ஓட்டுமுன் ஆள் நிற்கிறதா என்று பாருங்கள். கடைவாசலுக்குக் குழந்தைகள் ஓடி வருவார்கள்.

வாங்குவதா, வாடகையா?

ஒப்பந்தகாரருக்குக் கடந்த மூன்று குளிர்காலங்களில் கொடுத்த பணத்தைக் கூட்டுங்கள். மறுபக்கம் இயந்திரத்தின் விலை, டீசல், காப்புறுதி, பழுதுபார்ப்பு, ஓட்டுநர் சம்பளம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரே பிளாசாவில் நான்கைந்து கடைக்காரர் சேர்ந்து வாங்கினால் சுமை குறையும். ஆனால் அயலவர் இடத்தையும் துப்புரவாக்குவதாயின் நமது காப்புறுதி அதை ஏற்குமா என்று முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு குளிர்காலம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வெள்ளம் வருமுன் அணை கட்டு என்றார்கள் நம் முன்னோர். நமக்கு அது பனி. ஐப்பசியிலேயே இந்தக் கணக்கைப் போட்டு முடிப்போம்.