மீன்குஞ்சும் வீட்டு வதந்திகளும்

ஆண் மீனே இல்லாத தொட்டியில் ஒரு நாள் காலை பத்துப் பதினைந்து குஞ்சுகள் நீந்தினால் வீட்டில் பெரிய விசாரணையே நடக்கும். கடைக்காரர் ஆணைப் பெண்ணென்று விற்றுவிட்டார் என்று தீர்ப்பும் வந்துவிடும். பாவம், அவர் மீது தப்பில்லை. பெண் கப்பி, ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தணுக்களை உடலுக்குள் மாதக்கணக்கில் வைத்திருக்கும். அதைக்கொண்டே, ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். கடைத் தொட்டிகளில் இரு பாலும் கலந்தே கிடப்பதால், வளர்ந்த பெண் மீன் பெரும்பாலும் சினையோடுதான் வீட்டுக்கு வருகிறது.

நிறத்தைப் பார்த்துக் குஞ்சு எந்த மீனுடையது என்று சொல்லிவிடலாம் என்பார்கள். சொல்ல முடியாது. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கண்ணைப் பறிக்கும் ஆண் கப்பியும் பிறக்கும்போது பெரும்பாலும் சாம்பல் நிறத் துணுக்குதான். கோல்டு ஃபிஷ் இன்னும் ஏமாற்றும்: அதன் குஞ்சு மங்கிய பழுப்பாக இருக்கும், பொன்னிறம் ஏற மாதங்கள் ஆகும். குளத்து மீன் ஏதோ கலந்துவிட்டது என்று அதைக் கொட்டிவிடுபவர்களும் உண்டு.

நிறத்தை விட்டுவிட்டு நடத்தையைக் கவனிக்க வேண்டும். கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவற்றின் குட்டிகள் பிறந்ததுமே நீந்திச் செடிக்குள் ஒளியும். முட்டையிடும் பல இனங்களின் குஞ்சுகளோ கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு தொங்கும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருதான் அவற்றுக்கு அப்போது உணவு. ஃபைட்டர் மீனின் குஞ்சுக்கு அது இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குள் தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும்.

தாய் மீன் குஞ்சைத் தின்னும் என்பது பாதி உண்மை. கப்பி தின்னும். அதற்காகச் சினை மீனை நாள்கணக்கில் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைப்பது அதை வாட்டும். வேலம்பாசியோ ஜாவா பாசியோ அடர்த்தியாக இருந்தால் குஞ்சுகள் தாமே பிழைக்கும். ஃபைட்டரில் கதை தலைகீழ். அப்பா மீன் எச்சில் நுரையால் கூடு கட்டி, கீழே விழும் குஞ்சை வாயில் கவ்வி மறுபடி கூட்டில் சேர்க்கும். அம்மாவைத்தான் முட்டையிட்டதும் வெளியே எடுக்க வேண்டும். குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியதும் அப்பாவையும் எடுத்துவிட வேண்டும், அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு.

குஞ்சுகளுக்குத் தீனியாக அவித்த முட்டையின் மஞ்சள் கரு கொடுப்பது பழைய வைத்தியம். அவசரத்துக்கு ஆகும், ஆனால் துளி கூடினாலும் தண்ணீர் நாறும். உப்புத் தண்ணீரில் காற்றுக் குமிழ் விட்டால், 28 டிகிரி வெப்பத்தில் சுமார் 24 மணி நேரத்தில் பொரிக்கும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் நல்ல உணவு. குஞ்சுத் தொட்டியில் தண்ணீர் மாற்றக் கூடாது என்பதும் பிழை. குளோரின் நீக்கிய தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சாமலிருக்க ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும்.

மிஞ்சிய குஞ்சுகளை ஏரியில் விட்டால் கொசு ஒழியும், புண்ணியமும் சேரும் என்ற நம்பிக்கைதான் மிக மோசமானது. கப்பி தென் அமெரிக்காவின் வடகிழக்கு நீர்நிலைகளைச் சேர்ந்தது; இங்கே அது நம் மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாக வரும். மிஞ்சியதைக் கடையிலோ மீன் வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள்.